சாண், முழம், சகதி: பினாங்கில் குட்டிப் பிள்ளைகளோடு வெளியே விளையாடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயர் ஈத்தாமில் ஒரு தஸ்காவில், அதாவது நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், 11 வருடம் வேலை செய்தேன். இப்போது வீட்டில் ஒரு பேரன். வயது இரண்டே கால். காலையில் பிள்ளையை விட வரும்போதும் சாயங்காலம் கூட்டிப் போகும்போதும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே அம்மாக்களும் பாட்டிகளும் என்னிடம் கேட்ட கேள்விகள்தாம் இவை. ஒன்றிலிருந்து மூன்றரை வயது வரைக்கான பதில்கள். அதற்கு மேற்பட்டவர்களுக்கு வேறு ஆள் பாருங்கள். அவர்கள் கேட்கிற கேள்விக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது.

இரண்டு வயதுகூட ஆகாத பிள்ளைக்கு அளவெல்லாம் எங்கே புரியப் போகிறது?

தஸ்காவின் பின்பக்கம் ஒரு கம்பிக் கேட் உண்டு. இருபது மாதப் பையன் ஒருவன் தன் உயரத்துக்கு ஒரு குச்சியைப் பொறுக்கிக்கொண்டு அந்தக் கேட்டைத் தாண்டி வரப் பார்த்தான். குச்சியை நடுவில் பிடித்துக் குறுக்காகத் தூக்கி வந்தான். டங்கென்று இரண்டு பக்கமும் இடித்தது. பின்னால் போனான், மறுபடி வந்தான், மறுபடி டங். மூன்றாவது தடவை இடித்ததும் நின்று குச்சியைப் பார்த்தான், கேட்டைப் பார்த்தான், ஒரு முனையைக் கீழே போட்டுவிட்டு வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். எனக்குப் போய் உதவி செய்யக் கை பரபரத்தது. செய்யாமல் இருந்தது நல்லதாயிற்று.

அவனுக்கு ஒன்று இரண்டு தெரியாது. ஆனால் குச்சி நீளம், சந்து குறுகல் என்பதை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்துவிட்டான். அளப்பது என்பது அதுதான். எண் பிறகு வந்து ஒட்டிக்கொள்கிற சமாச்சாரம்.

என் மகள் இருபது வரை கடகடவென்று சொல்கிறாள். அப்படியானால் அவளுக்கு எண்ணத் தெரியும்தானே?

பாட்டுத் தெரியும். எண்ணத் தெரியுமா என்று பார்க்க வேண்டுமானால், கீழே கிடக்கும் கூழாங்கல்லில் "மூணு எடுத்துக் குடு" என்று கேளுங்கள். கை நிறைய அள்ளி நீட்டினால் கவலைப்படாதீர்கள், அந்த வயதுக்கு அது சரிதான். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் எத்தனை என்பதற்கான பதில் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றரை, நான்கு வயதில்தான் பிடிபடுகிறது.

தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு 513 படி. இரண்டு வயதுப் பிள்ளையோடு ஏறும்போது ஐந்நூறு வரை யாரும் எண்ணப் போவதில்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நில்லு, மூச்சு வாங்கு. மறுபடி ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒரு எண்ணுக்கு ஒரு படி, ஒரு படிக்கு ஒரு எண் என்று கால் பழகினால் போதும். கொஞ்ச தூரம் ஏறியதும் தூக்கச் சொல்லும். அப்போது உங்கள் மூச்சை எண்ணிக்கொள்ளுங்கள்.

எண் சொல்லாமல் அளவைப் பற்றி எப்படிப் பேசுவது?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

நம் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். உப்பு ஒரு சிட்டிகை, அரிசி ஒரு கைப்பிடி, சோறு ஒரு வாய், தண்ணீர் ஒரு மடக்கு, மருந்து ஒரு சொட்டு. கடைக்கு ஒரு எட்டு போய்விட்டு வா. வீடு கூப்பிடு தூரம்தான். இத்தனையும் அளவு, ஒன்றுகூட எண்ணை நம்பி இல்லை. எல்லாம் உடம்பை வைத்து வந்தவை: விரல், கை, வாய், கால், குரல். குட்டிப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே அளவுகோலும் அதன் உடம்புதான். வேறு மொழியில் சொல்லிக்கொடுக்க விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டியிருக்கலாம். நமக்கு வாயைத் திறந்தால் போதும்.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பூக்கடை முன்னால் பிள்ளையை ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். பூக்காரம்மா சரத்தை நடுவிரல் நுனியில் பிடித்து முழங்கை வரை இழுப்பார், மடிப்பார், மறுபடி இழுப்பார். முழம் என்றால் என்னவென்று விளக்கவே தேவையில்லை. வீட்டுக்கு வந்து பேரன் என் துப்பட்டாவைப் பிடித்துத் தன் முழங்கையில் வைத்து வைத்து இழுத்துக்கொண்டிருந்தான். என்ன அளந்தான் என்பது அவனுக்கே வெளிச்சம். "பூ குடு, பூ குடு" என்று வியாபாரம் மட்டும் நடந்தது.

சாணும் அப்படித்தான். கட்டைவிரலை ஒரு பக்கமும் சுண்டுவிரலை மறுபக்கமும் விரித்துக் காட்டினால் மூன்று வயதுப் பிள்ளை ஒருவழியாகச் செய்துவிடும். "எண்சாண் உடம்பு" என்கிறோமே, சரிதானா என்று ஒருநாள் தஸ்காவில் ஒரு பெண்ணைத் தரையில் படுக்கவைத்து அவள் சாணாலேயே அளந்து பார்த்தோம். ஒன்பதரை வந்தது. விரலை முழுக்க விரிக்கவில்லை, நடுவில் சிரித்துப் புரண்டதில் இரண்டு தடவை இடமும் மாறிவிட்டது. பழமொழியைக் குறை சொல்ல முடியாது.

எல்லாச் சொற்களிலும் மூன்றைத்தான் நான் அதிகம் சொல்வேன்: பத்தல, சரியா இருக்கு, மிஞ்சிருச்சு. இலையைக் காலடி மேல் வைத்தால் பத்தவில்லை. வாளி மூடியை வாளி மேல் வைத்தால் சரியாக இருக்கிறது. கோப்பையில் மணலைக் கொட்டினால் மிஞ்சிவிட்டது. இந்த மூன்றும் வாயில் வந்துவிட்டால் பிள்ளை தானாகவே ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்துப் பார்க்கத் தொடங்கிவிடும்.

வீட்டில் தமிழ், தஸ்காவில் மலாய், டிவியில் ஆங்கிலம். பிள்ளை குழம்பிப் போகாதா?

போகாது. "பெசார்" என்று சொன்னால் "ஆமா, பெரிசு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

நாங்கள் இருப்பது அடுக்குமாடியில் பதினான்காவது மாடி. தோட்டம் இல்லை. எங்கே போவது?

மின்தூக்கியில் கீழே இறங்கினால் போதும். புளோக்குக்குக் கீழே ஒரு கால்பந்துத் திடலோ, நாலு மரமோ, ஒரு கார் நிறுத்துமிடமோ இல்லாத இடம் பினாங்கில் குறைவு. வாரநாளில் அதுதான் உங்கள் காடு.

கடைவீதிக்குப் போகிறீர்கள் என்றால் அஞ்சடி இருக்கிறது. கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட அந்த நடைபாதைக்கு அஞ்சடி என்று பேர். மலாயிலும் காக்கி லீமா, அதே ஐந்தடிதான். பேரிலேயே அளவு இருக்கிறது. பிள்ளையின் குதிகாலை மறுகால் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி வைக்கச் சொல்லிக் குறுக்கே நடக்கவிடுங்கள். உங்கள் காலுக்கு ஒரு கணக்கு வரும், அதன் காலுக்கு ஒரு கணக்கு வரும். "உன் காலு குட்டி, அதான் நிறைய வந்துச்சு" என்று சொல்லுங்கள். மூன்று வயதில் புரியாது. சொல்லிவையுங்கள், ஆறு வயதில் திடீரென்று வந்து அதே கேள்வியைக் கேட்கும். ஒட்டி நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் சுடும், அது மட்டும் கவனம்.

விடுமுறையில் தண்ணீர்மலை பொட்டானிக்கல் கார்டன். 1884-ல் தொடங்கிய தோட்டம், நுழைவுக் கட்டணம் இல்லை, புல் தாராளம். அங்கே நாகலிங்க மரம் இருக்கிறது. பூவைக் காட்டுங்கள், மணக்க விடுங்கள், ஆனால் மரத்தடியில் உட்கார வேண்டாம். பீரங்கிக் குண்டு போல இருக்கும் காய் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. குரங்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீளவால் குரங்கு பிளாஸ்டிக் பையின் சலசலப்புக்கே வரும். என் கையிலிருந்த ரொட்டிப் பை போன கதை இங்கே வேண்டாம். சாப்பாட்டை முதுகுப் பைக்குள் வையுங்கள், ஜிப்பை மூடுங்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள், உணவு கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கடல் வேண்டுமென்றால் பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா கடற்கரைகள். நீர் வற்றிய நேரத்தில் ஈரமணலில் குட்டி நண்டுகள் உருட்டிப் போட்ட மணல் உருண்டைகளைப் பார்த்திருப்பீர்கள். பொந்தைச் சுற்றிச் சின்னச் சின்னதாக, கோலப்புள்ளி வைத்தது போல. பேரன் ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டே போனான். நான் அளவைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். மிதிக்கிற சுகம் பெரிது.

பெருநிலத்தில் இருப்பவர்களுக்குப் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் செரோக் தோக்குன் காடு உண்டு. ஓடைப் பக்கம் போனால் பாறை வழுக்கும்.

எந்த நேரம் நல்லது?

காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை, அல்லது ஐந்தரைக்குப் பிறகு. நம் ஊரில் சூரியன் ஏழு மணி தாண்டித்தான் எழுகிறது. 1982 ஜனவரியில் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதும் அதற்கு ஒரு காரணம். அதனால் இந்தியாவில் இருக்கும் அக்கா "காலை ஆறு மணி இளவெயிலில் காட்டு" என்று போனில் சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். இங்கே ஆறு மணிக்கு இருட்டு.

சாயங்காலம் போனால் ஒரு காட்சி இலவசம். தூங்குமூஞ்சி மரத்தை மலாய்க்காரர்கள் 'புக்குல் லீமா' என்பார்கள், ஐந்து மணி என்று அர்த்தம். சாயங்காலமானால் இலையை மூடிவிடுவதால் வந்த பேர். எங்கள் புளோக் மரம் ஆறு மணி தாண்டித்தான் மூடத் தொடங்குகிறது. "மரம் தூங்கப் போகுது, நாமளும் வீட்டுக்குப் போகலாம்" என்றால் அழாமல் கிளம்புகிறான். பத்துக்கு ஏழு நாள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு சின்ன வாளி. ஒரே மாதிரி இரண்டு பிளாஸ்டிக் கோப்பை, வேறு மாதிரி ஒன்று. தரையில் எழுதும் சாக்குக்கட்டி. ஒரு துணிப்பை. எல்லாம் மலிவு விலைக் கடையில் கிடைக்கும். எஸ்டேட் காலத்தில் பால் டின்னால் அரிசி அளந்ததை நினைத்து டின்னைக் கொடுக்காதீர்கள், வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும்.

சட்டை மாட்டும் ஹேங்கர் ஒன்று இருந்தால் அதன் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு குட்டி வாளியைத் தொங்கவிட்டுக் கதவுக் குமிழில் மாட்டுங்கள். தராசு தயார். ஒன்றில் காய்ந்த மணல், ஒன்றில் ஈரமணல், அதே கோப்பையால் ஒவ்வொரு கோப்பை. எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்ப்பதற்குள் பிள்ளை வாளியைக் கையால் இழுத்து இறக்கிவிடும். அதுவும் ஒரு பதில்தான்.

தண்ணீரில் என்ன செய்யலாம்?

மழை விட்டதும் கார் நிறுத்துமிடத்தில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். பிறகு ஏதாவது தின்னக் கொடுங்கள். அரைமணி கழித்து வந்து பார்த்தால் கோடு இங்கே இருக்கும், தண்ணீர் உள்ளே போயிருக்கும். மறுபடி ஒரு கோடு. நம் வெயிலுக்கு மூன்று நான்கு கோட்டில் குட்டை காணாமல் போய்விடும், தரையில் வெங்காயத்தை நறுக்கி வைத்தது போல வளையங்கள் மட்டும் மிச்சம். முதல்முறை இதைச் செய்தபோது பேரன் தண்ணீர் எங்கே போனது என்று தேடித் தன் சிலிப்பரைத் தூக்கி அடியில் பார்த்தான். அவனுக்கு ஆவியாதல் என்று நான் பாடம் எடுக்கவில்லை. "குறைஞ்சிருச்சு" என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு சொல்லை ஒரு வாரம் எல்லாவற்றுக்கும் சொன்னான், சோற்றுக்கும் சொன்னான்.

வீட்டு வாசலில் என்றால் வாளியிலிருந்து கோப்பை, கோப்பையிலிருந்து வேறு கோப்பை. ஒரே அளவு மைலோவை உயரமான டம்ளரிலும் அகலமான கிண்ணத்திலும் ஊற்றிக் கொடுத்தால் அண்ணனும் தம்பியும் டம்ளருக்காகச் சண்டை போடுவார்கள். உயரமாக இருப்பதில்தான் அதிகம் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே இதைத்தான் பிள்ளைகளை வைத்துச் செய்து பார்த்து எழுதினார். ஆறு, ஏழு வயது வரை பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் நினைக்கும். எனவே இரண்டு வயதில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று வாதாடி ஜெயிக்க முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி டம்ளர் வாங்குங்கள்.

இரண்டு எச்சரிக்கை. குட்டிப் பிள்ளை மூழ்க ஆழம் தேவையில்லை, சில சென்டிமீட்டர் தண்ணீர் போதும். மற்ற விளையாட்டில் கூப்பிடு தூரத்தில் இருக்கலாம். தண்ணீர் என்றால் கையெட்டும் தூரம், போன் பைக்குள். இன்னொன்று என் சொந்தத் தவறு. மழை எவ்வளவு பெய்கிறது பார்ப்போம் என்று பால்கனியில் ஒரு கோப்பையை வைத்துக் கோடு போட்டேன். இரண்டு நாள் ஆர்வமாகப் பார்த்தோம், பிறகு மறந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து எடுத்தால் உள்ளே புழுக்கள் குதித்துக்கொண்டிருந்தன. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான் ஆகும். அளந்து முடிந்ததும் எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள்.

நிழலை வைத்து விளையாடலாமா?

காலையில் ஒருமுறை பிள்ளையை நிற்கவைத்து நிழலைச் சுற்றிக் கோடு போடுங்கள், ஒன்பதரைக்கு அதே இடத்தில் மறுபடி. குட்டையாகிவிட்டிருக்கும். பெரிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு உபரிச் செய்தி: ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாவது வாரத்திலும் பினாங்கில் மதியம் ஒன்றேகால் மணியளவில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், கம்பத்துக்கு நிழலே இருக்காது. குட்டிப் பிள்ளையை அந்த வெயிலில் இறக்காதீர்கள், ஜன்னலோரம் ஒரு பாட்டிலை வெளியே வைத்துக் காட்டினால் போதும்.

பொறுக்குகிற விதை, இலை, காய் எல்லாம் பாதுகாப்பானவைதானா?

இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பூங்காவில் பளபளவென்று சிவப்பு விதை கொட்டிக் கிடக்கும். மலாயில் சாகா என்பார்கள், நமக்கு மஞ்சாடி, ஆனைக்குன்றிமணி. முழுக்கச் சிவப்பு. அந்தக் காலத்துப் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்த விதை அது. கனம் ஒன்றுக்கொன்று அவ்வளவு மாறாது, ஏறக்குறைய நான்கு விதை சேர்ந்தால் ஒரு கிராம். அளவு பற்றிய பேச்சுக்கு இதைவிட நல்ல விதை கிடையாது. ஆனால் அதன் தங்கை மாதிரி இருக்கும் குன்றிமணி, சிவப்பில் ஒரு முனை மட்டும் கறுப்பு, கடும் விஷம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பழகாத கண்ணுக்கு அவசரத்தில் மாறிவிடும். கறுப்புப் பொட்டு இருந்தால் தொடவே வேண்டாம்.

மஞ்சாடியும்கூட மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆகாது, தொண்டையில், மூக்கில், காதில் போகும். டாய்லெட் ரோல் தீர்ந்ததும் மிஞ்சுகிற அட்டைக்குழாயைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுழைகிற எதுவும் குட்டிப் பிள்ளை கையில் இருக்கக் கூடாது. நான் அதையே விளையாட்டாக்கிவிட்டேன்: பொறுக்கியதை எல்லாம் பேரன் குழாய்க்குள் போட்டுப் பார்ப்பான். விழுந்தால் பாட்டிக்கு, மாட்டிக்கொண்டால் அவனுக்கு. சவுக்குக் காய் எல்லாம் என் பங்கு.

சாலையோரத்தில் நிழலுக்கு வைத்திருக்கும் போங் போங் மரத்தின் காய் பச்சை மாங்காய் போலவே இருக்கும். நம் ஊர்ப் பெரியவர்கள் ஒதளங்காய் என்பார்கள். விதை இதயத்தை நிறுத்தும் விஷம். அரளியும் அப்படியே. பூச்சட்டியில் வெள்ளைத் திட்டுத் திட்டாக அகலமான இலையோடு வளர்க்கிறார்களே, டம்ப் கேன், அதன் சாறு பட்டால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். ஏதாவது வாயில் போய்விட்டால் கையில் அந்தச் செடியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், அவசரம் என்றால் 999. தேசிய நச்சு மையம் நம் பினாங்கில்தான், யூஎஸ்எம் என்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அதன் எண்ணை இன்றைக்கே தேடி போனில் போட்டு வையுங்கள்.

நல்லவை எவை? பெரிய இலைகள். கடற்கரையில் நிற்கும் கெத்தப்பாங், நாட்டு வாதுமை, அதன் இலை சிவந்து பழுத்து விழும், உங்கள் கையை விடப் பெரிதாக. அதை முகத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம், காலடி மேல் வைக்கலாம், சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கலாம். அடுக்கும்போது ஒரு நேரத்தில் இரண்டே இலை கொடுங்கள். ஐந்து கொடுத்தால் இரண்டு வயதுப் பிள்ளை வீசி எறிந்துவிடும்.

கொசு, புகைமூட்டம், மழை?

கொசுவுக்குக் கையும் காலும் மூடிய மெல்லிய உடை முதலில், மருந்து பிறகு. லெமன் யூகலிப்டஸ் எண்ணெயில் செய்த மருந்தை மூன்று வயதுக்குக் கீழே போடக் கூடாது. எந்த மருந்தானாலும் பிள்ளையின் உள்ளங்கையில் தடவாதீர்கள், அது நேரே வாய்க்குப் போகும். புகைமூட்ட நாளில் ஐபியு எண்ணை, அதாவது காற்று மாசுக் குறியீட்டைப் பாருங்கள், 100 தாண்டினால் வீட்டுக்குள். இடி கேட்டால் மரத்தடியை விட்டு உள்ளே வந்துவிடுங்கள். வெறும் தூறல் என்றால் நனையட்டும்.

நனைந்தால் சளி பிடிக்கும் என்று மாமியார் விடமாட்டேன் என்கிறார்.

சளி கிருமியால் வருவது, தூறலால் இல்லை. ஆனால் இதை மாமியாரிடம் நேரே சொல்லி ஜெயித்த மருமகளை நான் இன்னும் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். பழைய பெட்டியில் உழக்கு, படி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி. ஒவ்வொன்றும் முந்தையதற்கு இரட்டிப்பு. மாண்டிசோரி முறைக் கல்விச் சாமான் கடையில் விலை கேட்டால் தலை சுற்றுகிற சாமானைவிட இது மேல். எங்கள் தஸ்காவில் ஒரு ஆத்தா இரண்டு பித்தளை அளவைகளைத் துலக்கிக் கொண்டுவந்து, தாழ்வாரத்தில் பாயை விரித்து, உமியை அள்ளி அள்ளிக் காட்டினார். மழை பெய்துகொண்டிருந்தது. வெளியே போகக் கூடாது என்றவரே கடைசியில் படியைக் கூரைத் தண்ணீருக்கு நேரே நீட்டி, "எத்தனை நேரத்துல நெறையுதுன்னு பாரு" என்றார்.

தலையைத் துடைத்து உலர்ந்த சட்டை மாற்றிவிடுங்கள். வெள்ளம் வடிந்த தண்ணீரிலும் கால்வாய் ஓரத்திலும் மட்டும் நிஜமாகவே விட வேண்டாம். எலிச் சிறுநீரால் வரும் நோய் உண்டு. மாமியார் அங்கே சொல்வது சரி.

மண்ணைத் தின்கிறான்!

ஒரு வாய் தின்பான். வாயைத் துடைத்துவிடுங்கள். பூனை புழங்கும் மணலில் உட்காரவைக்காதீர்கள், செருப்புப் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தினமும் மண்ணைத் தேடித் தின்றால் அது வேறு விஷயம், கிளினிக்கில் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகள் நாள் முழுக்கச் சேர்த்து 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும். ஒரு வயதில் திரை வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மூன்று மணி நேரமா என்று மலைக்காதீர்கள், மாடிப்படி, வராந்தா, கடைக்கு நடப்பது எல்லாம் அதில் சேரும். அதில் வெளியே அரைமணி கிடைத்தால் நல்ல நாள். அந்த அரைமணியில் அளவு பற்றிய பேச்சு இரண்டு நிமிடம் இருந்தால் போதும்.

எதைக் காட்டினாலும் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறான். ஆர்வமே இல்லை.

ஓடுவதற்குத்தான் ஆர்வம். அந்த மரம் வரை எத்தனை எட்டு, இந்த மரம் வரை எத்தனை எட்டு, எது பக்கம், எது தூரம் என்று அவன் கால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் பின்னால் ஓடுங்கள். "எது பெரிசு சொல்லு, எது பெரிசு சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். ஒரு அம்மா தினமும் அப்படிக் கேட்டுக் கேட்டு, பிள்ளை இலையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இதையெல்லாம் தஸ்காவில் செய்யச் சொல்லிக் கேட்கலாமா?

கேளுங்கள், ஆனால் ஆள் கணக்கையும் பாருங்கள். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐந்து பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது விதி. ஐந்து குட்டிகளையும் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சாலையைக் கடக்கச் சொல்வது நியாயமில்லை. வேலிக்குள் ஒரு வாளி மணல் வைக்கச் சொல்லலாம்.

இரண்டு வயதுப் பரிசோதனையில் உயரம் குறைந்துவிட்டது! முந்தைய மாதம் நாங்கள் வீட்டில் அளந்ததைவிட அரை சென்டிமீட்டர் கம்மி.

குறையவில்லை. இரண்டு வயது வரை படுக்கவைத்து அளப்பார்கள், அதன்பின் நிற்கவைத்து. நின்றால் ஏறக்குறைய 0.7 சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும். இதைக் கேட்டு அழுதுகொண்டு வந்தவர்கள் இரண்டு பேர். கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு வையுங்கள், செருப்பில்லாமல், எப்போதும் அதே கதவில்.

டேப், ஸ்கேல் எப்போது கொடுக்கலாம்?

மூன்று வயதை ஒட்டிக் கொடுக்கலாம், விளையாட்டுச் சாமானாக. பட்டென்று சுருண்டுகொள்ளும் இரும்பு டேப் விரலை வெட்டும். தையல்காரர் வைத்திருக்கும் துணி டேப் நல்லது. கழுத்தில் சுற்றிக்கொள்ளும் என்பதால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், பிறகு மேலே எடுத்து வைத்துவிடுங்கள்.

பேரனுக்கு அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இருந்தாலும் நேற்று என் தையல் பெட்டியிலிருந்து உருவிக்கொண்டு கீழே வந்தான். தூங்குமூஞ்சி மரத்தை நான் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள அவன் மறுமுனையோடு சுற்றி வந்தான். டேப் பாதி மரத்துக்குக்கூட வரவில்லை. "பத்தல" என்றான். மேல் வீட்டு ஆன்ட்டியின் டேப்பையும் வாங்கி வந்து முடிச்சுப் போட வேண்டும் என்று நிற்கிறான். இன்றைக்குச் சாயங்காலம் போய்க் கேட்க வேண்டும்.